ஆட்டு ரத்தமும் பால் எர்லிக்கும்

பால் எர்லிக் பேரை நீங்க கேள்விப்பட்டிருந்தா, பெரும்பாலும் சிபிலிஸ் நோய்க்கு 1910-ல் வந்த சால்வர்சான் மருந்துக்காகத்தான் இருக்கும். எனக்கு அவரோட இன்னொரு கதைதான் பிடிக்கும். அதுல ஆடு வருது.

1854-ல் பிரஷ்யாவின் ஸ்ட்ரேலன் ஊரில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும்போதே சாயங்கள் மேல பைத்தியம். ஒரு சாயம் ஒரு வகை செல்லில் மட்டும் ஒட்டுது, பக்கத்து செல்லை விட்டுடுது. ஏன்? வாழ்க்கை முழுக்க அவர் துரத்தினது கிட்டத்தட்ட இந்த ஒரே கேள்வியைத்தான். நடுவுல காசநோய் வந்து, எகிப்துக்குப் போய் உடம்பைத் தேத்திட்டு வந்தார். சுருட்டை மட்டும் விடலை.

1897-ல் ஒரு கொள்கை சொன்னார். செல்லின் மேல் கொக்கிகள் மாதிரி சில அமைப்புகள் இருக்கு, அதுல பொருந்துற பொருள்தான் செல்லைத் தொட முடியும். இன்னைக்கு நாம ரிசெப்டர்னு சொல்றோமே, அதோட தொடக்கம் இங்கதான். அந்தக் கொக்கிகள் அளவுக்கு மீறி உருவாகி ரத்தத்தில் கழன்று விழுந்தா அதுதான் ஆன்டிபாடின்னு நினைச்சார். இந்தப் பாதி தப்பு, ஆனா அழகான தப்பு.

1900 வாக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டில், மோர்கன்ராத்தோட சேர்ந்து ஆடுகளுக்கு வேற ஆடுகளோட ரத்தத்தை ஊசி போட்டார். அந்த அந்நிய சிவப்பணுக்களை உடைக்கிற ஆன்டிபாடி உருவாச்சு. ஆனா அந்த ஆட்டோட சொந்த சிவப்பணுக்களை அது தொடவே இல்லை! உடம்பு தன்னைத்தானே தாக்காம இருக்க ஏதோ ஒரு கட்டுப்பாடு இருக்கணும்னு முடிவு செஞ்சு, அதுக்கு ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்னு பேர் வைச்சார்.

இங்க கொஞ்சம் கவனிங்க. அவர் சொன்னது தடுக்கிற கட்டுப்பாடு ஒண்ணு இருக்குன்னுதான். பின்னால வந்தவங்க அதை, அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே நடக்காதுன்னு படிச்சுட்டாங்க. 1904-லேயே வியன்னாவில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் ரெண்டு பேரும், குளிர் பட்டதும் சொந்த சிவப்பணுக்களையே உடைக்கிற ஆன்டிபாடியைக் காட்டினாங்க. இருந்தும் 1950-கள் வரைக்கும் பெரும்பாலானவங்க மனசு மாறலை. பெரிய பேர் சொன்னா அப்படித்தான் போல.

எர்லிக் 1908-ல் மெச்னிகாஃபோட நோபல் பரிசைப் பகிர்ந்துகிட்டார். 1915-ல், 61 வயசில், மாரடைப்பால் இறந்தார். அந்த மாரடைப்புக்கும் அடுத்து வர்றதுக்கும் சம்பந்தம் இல்லை.

நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ள சிலருக்கு, முக்கியமா இதயம் பலூன் மாதிரி விரிஞ்சு போனவங்கள்ல ஒரு பகுதியினருக்கு, ரத்தத்தில் ஒரு ஆன்டிபாடி இருக்கு. அது போய் ஒட்டுற இடம் இதய செல்லின் பீட்டா-1 ரிசெப்டர். அட்ரினலின் வந்து இதயத்தை வேகமாக்குற அதே இடம். அட்ரினலின் வேலை முடிஞ்சா விலகிடும். இந்த ஆன்டிபாடி லேசுல விலகாது, ஆக்சிலரேட்டர் மேல செங்கல்லை வைச்ச மாதிரி. இதயம் ஓடி ஓடியே தளர்ந்து போகுது. எர்லிக் கற்பனை செஞ்ச கொக்கியும், அவர் சொன்ன கட்டுப்பாடு அறுந்துபோறதும் ஒரே செல்லின் மேல நடக்குது பாருங்க.

1990-களில் பெர்லினில், இப்படிப்பட்ட நோயாளிகளோட ரத்தத்தை ஃபில்டர் வழியா ஓடவிட்டு ஆன்டிபாடியை மட்டும் பிடிச்சு எடுக்கிற முயற்சி தொடங்குச்சு. சிலருக்கு இதயத்தோட பம்பிங் தேறுச்சு. இன்னும் அது எல்லாருக்கும் தர்ற வழக்கமான சிகிச்சையா ஆகலை. எர்லிக் டாக்டரா வேலைக்குச் சேர்ந்து, ரத்த செல்களுக்குச் சாயம் ஏத்திப் பார்த்துட்டு இருந்ததும் அதே பெர்லினில்தான்.