அல்சைமர் காட்டிய பொறுமை

மறதி நோய் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அலாய்ஸ் அல்சைமர். ஆனால், அவர் அந்நோய்க்கு மருந்து கண்டவரும் அல்லர். காரணம் கண்டவரும் அல்லர். கண்டதைக் கண்டபடி பதிவு செய்தவர். அதுவே அவரது பெருமை.

ஜெர்மனியின் பவேரியா பகுதியில் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில், 1864 ஜூன் 14 அன்று அவர் பிறந்தார். 1887-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறுஆண்டு பிராங்க்ஃபர்ட் நகர மனநலக் காப்பகத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு வாய்த்த நண்பர் ஃபிரான்ஸ் நிஸ்ஸல், நரம்புச் செல்களுக்குச் சாயமேற்றிக் காணும் முறையை உருவாக்கியவர். பகலில் நோயாளிகளும் இரவில் நுண்ணோக்கியுமாக இருவரின் வாழ்க்கை நகர்ந்தது.

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மூன்று குழந்தைகளை விட்டுவிட்டு அவருடைய மனைவி மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி 51 வயதான அகஸ்ட் டிட்டர் என்ற பெண்மணி காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். கணவரின் பெயரைக் கேட்டால் தம் பெயரையே சொன்னார். பெயரை எழுதச் சொன்னால், தொடங்கிய சொல்லிலேயே நின்றுபோனார். அல்சைமர் அருகில் அமர்ந்து, கேட்ட கேள்விகளையும் கிடைத்த விடைகளையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார்.

பின்னர் அவர் பேராசிரியர் எமில் கிரேப்பலினுடன் மியூனிக் சென்றார். 1906 ஏப்ரலில் அகஸ்ட் காலமானதும், அவரது மூளை மியூனிக்குக்கு அனுப்பப்பட்டது. மூளையின் புறணி மெலிந்திருந்தது. செல்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கிக்கொண்ட நுண்ணிழைகளும் தென்பட்டன.

1906 நவம்பர் 3 அன்று டியூபிங்கன் நகர மாநாட்டில் அவர் இதனை விளக்கியபோது, அவையில் ஒருவர்கூடக் கேள்வி எழுப்பவில்லை. 1910-இல் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டியவர் கிரேப்பலின். அல்சைமரோ, இது தனியொரு நோய்தானா, முதுமை மறதியின் ஒரு வடிவமா என்ற ஐயத்தை அடுத்த ஆண்டே எழுத்தில் பதிவு செய்தார். தம் பெயர் தாங்கிய நோயையே ஐயுறும் நேர்மை அரிது.

அவர் விட்டுச்சென்ற கேள்விக்குப் பின்வந்தோர் தேடிய விடைகளுள் ஒன்று, ஆக்சிஜனேற்ற அழுத்தம். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அப்போது உருவாகும் 'ஃப்ரீ ரேடிக்கல்' எனும் நிலையற்ற மூலக்கூறுகள், கொழுப்பு மிகுந்த நரம்புச் செல்களின் சவ்வுகளைச் சிதைக்கின்றன. முதுமைக்கு இவையே காரணமாகலாம் என்ற கருத்தை 1956-இல் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்தார். அப்படியெனில், ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை உட்கொண்டால் நினைவு காக்கப்படுமே என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆய்வுகள் தந்த விடை அத்தனை எளிதாக இல்லை. மிகுந்த அளவில் வைட்டமின் ஈ பெற்ற அல்சைமர் நோயாளிகள் அன்றாடச் செயல்திறனை இழப்பது சற்றுத் தாமதமானதாக 1997, 2014 ஆய்வுகள் காட்டின, நினைவாற்றல் மீளவில்லை. லேசான நினைவுக் குறைபாடு உடையோருக்கு நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2005-இல் வெளியான ஆய்வு கூறியது. அதிக அளவு வைட்டமின் ஈ, இரத்தக்கசிவு அபாயத்தையும் கூட்டக்கூடும். செல்லுக்குள் சேதம் நிகழ்வது உண்மை. அதனை மாத்திரை சரிசெய்துவிடும் என்பது வேறு கூற்று.

பொருளியல் பயின்றவனுக்கு இதில் வியப்பில்லை. நம்பிக்கைக்குத் தேவை மிகுந்து, மருந்தின் அளிப்பு குறைந்திருக்கும் இடத்தைச் சந்தை வெறுமனே விட்டுவைக்காது. பெற்றோரின் நினைவு மங்குவதைக் காணும் பிள்ளைகள், விலை பாராமல் 'ஆன்டி ஆக்சிடன்ட்' புட்டிகளை வாங்குகின்றனர். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, நடைப்பயிற்சி, குறைந்த செவித்திறனுக்குக் கருவி போன்றவற்றுக்கு அத்தனை விளம்பரம் இல்லை.

1912-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியரான அல்சைமர், 1915 டிசம்பர் 19 அன்று மறைந்தார். காப்பகத்துக்கு வந்தபோது அகஸ்டுக்கு இருந்த அதே 51 வயதுதான் அவருக்கும். அகஸ்டைப் பற்றி அவர் எழுதிய கோப்பு 1995-இல் பிராங்க்ஃபர்ட்டில் மீண்டும் கிடைத்தது.

அந்தத் தாள்களில் மருந்து ஏதும் இல்லை. மறந்துபோன ஒருவரின் அருகில் அமர்ந்து, பொறுமையாகக் கேட்ட ஒரு மனிதர் இருக்கிறார். அந்தப் பொறுமையை நம் வீட்டு முதியவர்களுக்கு அளிக்க எந்த ஆய்வின் முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.