அடைத்த கதவைத் திறந்த அம்மையார்
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886 – 1968)

கல்லூரி வாயிலில் காலடி எடுத்து வைக்கும் மாணவர் எவரும் தனியே வருவதில்லை. அவர் பிறந்த குடும்பமும், அக்குடும்பத்தின் வருவாயும், ஆணாகவோ பெண்ணாகவோ பிறந்ததனால் ஊரார் அவருக்கு வகுத்து வைத்த எல்லைகளும் உடன் வருகின்றன. அறிவும் உழைப்பும் ஒத்திருக்கும் இருவர் ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்று, பின்னர் வெவ்வேறு நிலைகளை அடைவதற்கு இவையே பெரும்பாலும் காரணமாகின்றன. இவ்வுண்மையை விளக்க நம் நாட்டு வரலாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பால், பிறப்பு, பொருள் என்னும் மூன்று தாழ்களும் அவருடைய கல்விக் கதவில் பூட்டப்பட்டிருந்தன. அவை எவ்வாறு திறந்தன, யார் திறந்தனர், திறந்த பின் அவர் என் செய்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இருவேறு மரபுகளின் மகள்

புதுக்கோட்டை தனியரசாக விளங்கிய காலத்தில், 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய கல்விமான். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய மரபில் தோன்றியவர். இத்திருமணத்தின் பொருட்டு ஐயர் தம் சுற்றத்தாரின் வெறுப்பைத் தாங்க வேண்டியிருந்தது.

குடும்பப் பின்னணி என்று நாம் ஒரே சொல்லில் கூறிவிடுவது எத்துணைச் சிக்கலானது என்பதை இவ்வீடு காட்டுகிறது. தந்தை வழியில் நூல்களும், ஆங்கிலக் கல்வியும், கற்றோர் தொடர்பும் அச்சிறுமிக்கு வாய்த்தன. அந்நாளில் செல்வர் வீட்டுப் பெண்களில் பலருக்கும் கிட்டாத பேறு அது. தாய் வழியிலோ, அவர் செய்யாத ஒன்றுக்காக அவர்மீது சமுதாயம் சுமத்திய பழிச்சொல் வந்து சேர்ந்தது. ஒரு கை ஏணியை நீட்ட, மறு கை அதனைத் தட்டிவிட்டது.

பெண் குழந்தைக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதே அக்காலத்து நினைப்பு. முத்துலட்சுமியோ ஆசிரியர்களின் துணையால் ஆங்கிலமும் கற்றார். பருவம் எய்தியதும் பள்ளிக்குச் செல்வது நின்றது. மகளுக்கு நல்ல மணமகனைத் தேட வேண்டும் என்பது அன்னையின் கவலை. படிப்பைத் தொடர வேண்டும் என்பது மகளின் உறுதி. தந்தையார் வீட்டிலேயே கல்விக்கு ஏற்பாடு செய்தார். 1902இல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். ஒரு பெண் இத்தேர்வில் தேறியது புதுக்கோட்டையில் வியப்புச் செய்தியாயிற்று.

கல்லூரி வாசலில்

தேர்வில் தேறியவர் அடுத்துச் செல்ல வேண்டிய இடம் கல்லூரி. ஆனால் மகாராஜா கல்லூரி ஆடவர்க்கு உரியது. அவருடைய விண்ணப்பத்தை ஏற்க அந்நாள் கல்லூரித் தலைமை தயங்கியது. பெண் ஒருத்தி வகுப்பில் அமர்ந்தால் மாணவரின் ஒழுக்கம் கெடும் என்பது ஒரு காரணம். அவருடைய தாயாரின் மரபு மற்றொரு காரணம். பெற்றோர் சிலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். முன்பு அக்கல்லூரியின் முதல்வராக விளங்கியவரின் மகள் என்னும் தகுதியும், தேர்வில் பெற்ற வெற்றியும் அவ்வெதிர்ப்பின் முன் பயனற்றுப் போயின.

அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர் எதிர்ப்புகளைப் புறந்தள்ளி முத்துலட்சுமியைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். அத்துடன் நில்லாது உதவித்தொகையும் வழங்கினார். சேர்க்கை ஆணை பால், பிறப்பு என்னும் இரு தாழ்களை விலக்கியது. உதவித்தொகை மூன்றாம் தாழான பொருளை விலக்கியது. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அவருடைய கல்வி அவ்விடத்திலேயே நின்றிருக்கக் கூடும். இடம் கொடுத்துப் பொருள் கொடாவிடின் ஏழைக்குப் பயனில்லை. பொருள் கொடுத்து இடம் மறுத்தால் பெண்ணுக்குப் பயனில்லை.

1904இல் கல்லூரியில் சேர்ந்த அவர் திரையிட்ட வண்டியில் வந்து போனார். வகுப்பிலும் மாணவர் காணாதவாறு திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்டார். சேர்க்கை ஆணை ஒரே நாளில் பிறந்துவிட்டது. பழக்கம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. ஆயினும் அத்திரைக்குப் பின்னிருந்த செவிகள் கூர்மையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

எந்தத் தொழில்?

இன்றைய மாணவியர் பலர் எதிர்கொள்ளும் வினா அன்று அவர் முன்னும் எழுந்தது. தாய் வழி மரபு ஒரு வழியைக் காட்டியது. அன்னையின் விருப்பம் திருமணத்தைக் காட்டியது. ஆசிரியையாகலாம் என்று தந்தையார் கருதினார். ஆசிரியப் பணி உயர்ந்ததே. ஆனால் பெண்ணுக்குத் தகுந்தது இதுவே என்று பிறர் வரையறுக்கும்போது, உயர்ந்த பணியும் ஒரு வேலியாகிவிடுகிறது. முத்துலட்சுமி மருத்துவத்தைத் தேர்ந்தார்.

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரிக்குப் பெண்கள் புதியவர் அல்லர். 1875இலேயே மேரி ஷார்லிப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி உள்ளிட்ட நால்வர் அங்குச் சேர்ந்து பயின்றனர். ஷார்லிப் சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி. கணவரின் ஆதரவும் வசதியும் அவர்க்கு இருந்தன. கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டதால் அபலா தாஸ் என்னும் வங்க மங்கை 1882இல் அரசு உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்தார். உடல்நலக் குறைவால் அவர் படிப்பை முடிக்க இயலவில்லை. பின்னர் அவர் அறிவியல் அறிஞர் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கைத் துணைவியானார். வாயில் திறந்திருந்தும் உள்ளே சென்றோர் அனைவரும் மறுகரை சேர முடியாத காலம் அது.

அறுவை மருத்துவ வகுப்பில் பெண்களை அமர்த்த விரும்பாத பேராசிரியரும் அங்கு இருந்தார். முத்துலட்சுமி அப்பாடத் தேர்வில் பெற்ற சிறப்பிடம் அவருடைய மனத்தை மாற்றியது. 1912இல் பதக்கங்கள் பலவற்றுடன் எம்.பி., சி.எம். பட்டம் பெற்று, சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதற் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பொறுப்பேற்றார்.

இல்லறமும் தொழிலும்

பட்டம் பெற்ற பெண்ணின் தொழில் திருமணத்தோடு முடிந்துபோவதை அவர் கண்டிருந்தார். எனவே 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்றும், தம் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்றும் முன்னரே பேசி உறுதி பெற்றார். இரு புதல்வர்களுக்குத் தாயான பின்னும் அவருடைய மருத்துவப் பணி நிற்கவில்லை. 1925இல் அரசின் உதவித்தொகையோடு இங்கிலாந்து சென்று மகளிர், குழந்தைகள் நோய்கள் பற்றி மேற்பயிற்சி பெற்றார். தம் உடன்பிறந்தாரின் கல்வியிலும் அவர் கருத்துச் செலுத்தினார். தங்கை நல்லமுத்து பின்னாளில் சென்னை இராணி மேரிக் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். ஒரு வீட்டில் ஒரு பெண் ஏறிய படியில் அடுத்தவள் எளிதில் ஏறுகிறாள்.

திறந்த கதவைத் திறந்தே வைத்தவர்

இதுவரை கூறியது ஒருவரின் தனி வெற்றி. அம்மையாரின் பெருமை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. தம்மைத் தடுத்த தாழ்கள் பிறரைத் தடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக அவற்றைத் தேடிச் சென்றார்.

1926ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பெற்று, பிரிட்டிஷ் இந்தியாவின் முதற் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அடுத்து அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வருவாய் மிக்க மருத்துவத் தொழிலின் ஒரு பகுதியை இதற்காக அவர் துறக்க நேர்ந்தது. பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை, ஏழைப் பெண்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை ஆகியவற்றுக்காக அவையில் வாதாடினார். முஸ்லிம் மாணவியர் தங்கிப் படிக்க விடுதி அமைவதற்கும் அவர் முயன்றார். வெளியூர்ப் பெண்ணின் கல்வி பாதுகாப்பான தங்குமிடத்தைப் பொறுத்தது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் மேற்கொண்ட முறை கருதத்தக்கது. பெண்ணைக் கோயிற் பணிக்கு விடும் குடும்பங்கள் அதற்கு ஈடாக மானிய நிலத்தை அனுபவித்து வந்தன. மகளை விடாவிட்டால் நிலம் போகும். நிலம் போனால் பிழைப்புப் போகும். அறிவுரை மட்டும் கூறினால் இக்கட்டு அவிழாது என்பதை அம்மையார் அறிந்தார். அவருடைய முயற்சியால் 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், பணிக் கடமையிலிருந்து நிலத்தைப் பிரித்து அக்குடும்பங்களுக்கே உரிமையாக்கியது. வழக்கத்தை முற்றிலும் தடை செய்த சட்டம் 1947இல் வந்தது.

காந்தியடிகள் 1930இல் கைது செய்யப்பட்டபோது அம்மையார் பதவியைத் துறந்தார். அதே காலத்தில் அம்மரபிலிருந்து விலகி வந்த இளம்பெண்கள் மூவர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். சாதி பார்த்த விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. தம் இல்லத்திலேயே அவர்களுக்கு அடைக்கலம் அளித்தார். அதுவே சென்னை அடையாற்றில் வளர்ந்த ஔவை இல்லம். ஆதரவற்ற பெண்கள் உண்டு, உறங்கி, கற்று, ஆசிரியராகவும் செவிலியராகவும் தம் காலில் நிற்க அவ்வில்லம் வழி செய்தது. பிறப்பையும் வறுமையையும் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாத ஒரு வாசலை அவர் தாமே கட்டினார்.

புற்றுநோய்க்குத் தம் சகோதரியைப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் நெடுநாள் இருந்தது. அரசின் ஆதரவு எளிதில் கிட்டாத நிலையிலும் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை நாடறிந்த நிலையமாக வளர்த்தனர். 1956இல் பத்மபூஷண் விருது அம்மையாரைத் தேடி வந்தது. 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் அவர் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவது

முயன்றால் முடியாதது இல்லை என்று மட்டும் இவ்வாழ்விலிருந்து பாடம் படிப்பது பாதி உண்மையே. முத்துலட்சுமி முயன்றார், ஐயமில்லை. ஆனால் வீட்டிலேயே கற்பிக்கத் துணிந்த தந்தை, ஆணையும் உதவித்தொகையும் சேர்த்து அளித்த மன்னர், தொழிலுக்குக் குறுக்கே நிற்காத கணவர் என வாசல்தோறும் ஒருவர் தாழை நீக்கினார். அவர்களில் ஒருவர் மறுத்திருந்தால் அம்மருத்துவரை நாடு கண்டிராது. அவ்வாறு மறுக்கப்பட்டு, பெயர் தெரியாமல் அடுக்களையில் மறைந்த முத்துலட்சுமிகள் எத்தனை பேரோ?

இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்பே திருமண நாள் குறிக்கப்படும் மாணவி இன்றும் உண்டு. மேற்படிப்புக்குத் தகுதியிருந்தும், வீட்டுக் கடனை அடைக்கக் கடல் கடந்து கிடைத்த வேலைக்குப் புறப்படும் மாணவனும் உண்டு. அவர்களுக்கு ஊக்கமூட்டும் சொற்கள் மட்டும் போதா. ஓர் உதவித்தொகை, ஒரு விடுதி அறை, பெற்றோரிடம் சென்று பேசும் ஓர் ஆசிரியர், ஈராண்டு பொறுக்க இசையும் ஒரு குடும்பம் வேண்டும். சமுதாயப் பெரியோரும் ஆசிரியப் பெருமக்களும் தம் கையில் இருக்கும் தாழைத் தாமே நீக்கிட வேண்டும். மாணவச் செல்வங்களே! உங்களுக்காகத் திறந்த கதவை நீங்கள் உள்ளே சென்றதும் சாத்திவிடாதீர்கள். பின்னால் வருபவர்க்காக அதனைத் திறந்து வைத்திருப்பதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.