எல்லை கண்ட கண்ணாடித் தொழிலாளர்

பவேரியா நாட்டு ஸ்ட்ரௌபிங் என்னும் ஊரில், 1787ஆம் ஆண்டு, கண்ணாடித் தொழிலாளி ஒருவரின் கடைசி மகனாய்ப் பிறந்தவர் யோசேப் பிரான்ஹோபர். பதினோராம் வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த அவரை, மூனிக் நகரில் ஆடி செய்வார் ஒருவரிடம் தொழில் பயில விட்டனர். அவ்வாசான் வேலை வாங்குவாரேயன்றி, நூல் பயில இசைவு தாரார்.

1801ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அவ்வீடு இடிந்து வீழ்ந்தது. இடிபாட்டுள் சிக்கிய சிறுவனைப் பல மணி நேரம் தோண்டி உயிருடன் மீட்டனர். அங்கு வந்திருந்த நாட்டுத் தலைவர் மாக்சிமிலியன் இரக்கங்கொண்டு 18 பொற்காசுகள் வழங்கினார். பதினான்கு வயதுப் பிள்ளை அவற்றைக் கொண்டு எதைத்தான் வாங்கான்? பிரான்ஹோபர் வாங்கியது கண்ணாடி தேய்க்கும் பொறி! எஞ்சியதை ஆசானுக்குக் கொடுத்து விடுதலையும் பெற்றார். உட்ஷ்னைடர் என்னும் செல்வர் நூல்கள் தந்து உதவினார். 1806இல் தம் கண்ணாடித் தொழிற்கூடத்திலும் சேர்த்துக்கொண்டார்.

நீரில் சாய்த்து வைத்த கோல் முறிந்ததுபோல் தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். காற்றிலிருந்து நீரிலோ கண்ணாடியிலோ சாய்வாகப் புகும் ஒளி, ஆங்கு விரைவு குறைவதால் தன் நேர்வழியினின்று விலகுகின்றது. சிவப்பு குறைவாகவும் ஊதா மிகுதியாகவும் விலகும். ஆதலின், ஒற்றை வில்லை வழியே நோக்கும் விண்மீனைச் சுற்றி வண்ணக் கறை படரும். இருவகைக் கண்ணாடிகளை இணைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஆனால், எக்கண்ணாடி எந்நிறத்தை எவ்வளவு விலக்கும் என்று நுட்பமாய் அளத்தல் அரிதாயிருந்தது. சிவப்பு முடிவது எங்கே? மஞ்சள் தொடங்குவது எங்கே? எல்லைக்கல் இல்லாத நிலத்தை எங்ஙனம் அளப்பது?

பிரான்ஹோபர் குறுகிய பிளவின் வழியே வந்த கதிரொளியை முப்பட்டகக் கண்ணாடியிற் செலுத்தித் தொலைநோக்கியால் நோக்கினார். வண்ணப் பட்டையின் குறுக்கே கருங்கோடுகள் நிரல்பட நின்றன. 1802இல் ஆங்கில அறிஞர் வொல்லாஸ்டனும் அவற்றுட் சிலவற்றைக் கண்டவரே. எனினும் அவர் அவ்வளவில் விட்டுவிட்டார். பிரான்ஹோபரோ 1814 முதல் 500க்கும் மேற்பட்ட கோடுகளைக் குறித்து, முதன்மையானவற்றிற்கு எழுத்துகளைப் பெயராக இட்டார். கண்ணாடி மாறினும் ஒவ்வொரு கோடும் தனக்குரிய நிறத்தை விட்டு அகலாமையின், அவையே அவர் தேடிய எல்லைக்கற்கள் ஆயின.

அவ்வளவைகளைக் கொண்டு அவர் அமைத்த தொலைநோக்கி, 1824இல் தார்ப்பத் நகர வானாய்வுக்கூடத்தை அடைந்தது. 24 சென்டிமீட்டர் அகல வில்லை கொண்ட அது, அந்நாளில் தன் வகையில் உலகிலேயே பெரியது. பல்கலைக்கழகத்தில் பயிலாத அவருக்கு எர்லாங்கன் பல்கலைக்கழகம் 1822இலேயே டாக்டர் பட்டம் அளித்திருந்தது.

1826இல், முப்பத்தொன்பதாம் வயதில், என்புருக்கி நோய் அவர் உயிரைக் கவர்ந்தது. கருங்கோடுகள் தோன்றும் காரணத்தை அவர் அறிந்திலர். கதிரவனைச் சூழ்ந்த வளியிலுள்ள சோடியம் முதலிய தனிமங்கள் தத்தமக்குரிய ஒளியை உறிஞ்சுவதால் அவை உண்டாகின்றன என்பதை 1859இல் கிர்ஹாப் விளக்கினார்.