இராபர்ட் காக்

செருமனி நாட்டு மருத்துவ மேதை இராபர்ட் காக் 1843ஆம் ஆண்டு பிறந்தார். 1882இல் காசநோய்க் கிருமியை உலகிற்கு அறிவித்தார். 1884இல் கல்கத்தாவின் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார்.

முதுமையிலும் அவர் ஓய்ந்தாரல்லர். 1906இல் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரித் தீவுகளை அடைந்தார். செட்சி என்னும் ஈயால் பரவும் உறக்க நோய் அங்கே மக்களை மாய்த்துக் கொண்டிருந்தது. ஆர்செனிக் என்னும் பாடாணம் அடங்கிய அட்டாக்சில் மருந்தை ஊசி வழியே செலுத்தினார். சோர்ந்து கிடந்தோர் எழுந்து நடமாடினர். ஆயினும் நோய் மீண்டும் தலைகாட்டவே, மருந்தளவை அரைக் கிராமிலிருந்து ஒரு கிராமாக உயர்த்தினார். அந்தோ! இருபதின்மருக்கு மேற்பட்டோர் கண்ணொளி இழந்தனர்; பாடாணம் பார்வை நரம்பையே கெடுத்துவிட்டது. நாளடைவில் பார்வை தெளியும் என்றே முதலில் எண்ணினார். தெளியவில்லை. உயர்த்திய அளவைக் கைவிட்டு, 1907இல் தாயகம் திரும்பினார். 1910இல் மறைந்தார்.