விலங்கை அகற்றிய மருத்துவர்

பிரான்ஸ் நாட்டின் தெற்குப் பகுதியில் 1745-ஆம் ஆண்டு பிறந்தவர் பிலிப் பினேல். மருத்துவம் படித்துவிட்டு பாரிஸ் நகருக்கு வந்தார். வெளியூர்ப் பட்டம் அங்கே செல்லவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுத்தும், நூல்களை மொழிபெயர்த்தும் காலம் தள்ளினார்.

அப்போது அவருடைய நண்பர் ஒருவர் மனநோயால் பாதிக்கப்பட்டு இறந்துபோனார். அந்தத் துயரம் பினேலின் மனத்தை விட்டு அகலவில்லை. இந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராயத் தொடங்கினார்.

பேய் பிடித்ததுதான் காரணம் என்று அன்று பலர் நம்பினார்கள். மருத்துவர்களோ நோயாளியின் ரத்தத்தைக் கீறி வெளியேற்றினார்கள். முரண்டு பிடித்தவர்களுக்குக் கிடைத்தது இரும்புச் சங்கிலி!

1793-இல் பாரிஸ் பிசேத்ர் மருத்துவமனையில் பொறுப்பேற்ற பினேல், நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். நோய் எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். பெருந்துக்கம், அச்சம், ஏமாற்றம், பரம்பரை எனப் பல காரணங்கள் தெரியவந்தன. துக்கத்தால் வந்த நோயைச் சங்கிலி எப்படித் தீர்க்கும்?

குழந்தைகளே, பிசேத்ரில் சங்கிலியைக் கழற்றியவர் பினேல் என்றே பல புத்தகங்களில் இருக்கும். அது சரியல்ல. 1797-இல் அதைச் செய்தவர் அங்கே கண்காணிப்பாளராக இருந்த புசேன். அவர் மருத்துவம் படித்தவரல்லர். அதே மருத்துவமனையில் ஒரு காலத்தில் நோயாளியாக இருந்தவர். அவரிடம் பாடம் கற்பதில் பினேலுக்குக் கூச்சமே இல்லை. 1800-இல் பெண்களுக்கான சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பினேலும் சங்கிலிகளை அகற்றினார். மறு ஆண்டே தன் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். புசேனையும் அங்கே வரவழைத்துக்கொண்டார்.

பரம்பரை, மூளையின் செயல்பாடு, வாழ்க்கையில் படும் துன்பம் ஆகியவை சேர்ந்தே மனநோயை உண்டாக்குகின்றன என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூளையைப் பற்றி அதிகம் தெரியாத காலத்திலேயே நோயாளியிடம் காது கொடுத்த பினேல், 1826-இல் பாரிஸில் காலமானார். சால்பெத்ரியேர் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது.