சேர் ஜோன் சார்ன்லியும் செயற்கை இடுப்பு மூட்டும்

இங்கிலாந்தின் லங்காஷயரில், பரி என்னும் ஆலை நகரில் 1911ஆம் ஆண்டு ஜோன் சார்ன்லி பிறந்தார். தந்தை மருந்துக்கடைக்காரர், தாய் தாதி. மன்செஸ்டரில் வைத்தியம் கற்று, இரண்டாம் உலகப் போரில் எகிப்தில் இராணுவ வைத்தியராக இருந்தார். நாடு திரும்பிய பின் அவர் மனம் இடுப்பு மூட்டிலேயே நின்றது.

செயற்கை மூட்டுப் பொருத்திய ஒரு நோயாளி, குனியும்போதெல்லாம் மூட்டு கீச்சிடுவதாகவும் அதைக் கேட்க முடியாமல் மனைவி எழுந்து போய்விடுவதாகவும் முறையிட்டார். நமக்குச் சிரிப்பு வரலாம். சார்ன்லிக்கோ உராய்வுதான் நோய் என்று விளங்கியது. உருக்குக் குமிழ் வழுக்கிச் சுழலும் கிண்ணத்துக்கு டெஃப்லோனைத் தேர்ந்தார். நம் சமையலறையில் ஒட்டாத தாச்சிக்குப் பூசியிருக்கும் அதே பொருள்தான். 1958 முதல் ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். கோல் ஊன்றி வந்தவர்கள் வலியின்றி நடந்து போனார்கள்.

சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த தூள் சுற்றியிருந்த இழையங்களைக் கெடுத்தது. நடக்கும்போது உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு சுமை இடுப்பில் இறங்குகிறது. அதுவும் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் தடவை! அந்தச் சுமையை இயந்திரத்தில் நீண்ட நாள் ஏற்றிப் பார்க்காமல் மனிதருக்குள் வைத்தது பெரும் பிழை. அவர் அதை மறைக்கவில்லை. அந்த நோயாளர்களுக்கு மறு சத்திரசிகிச்சைகளையும் தாமே செய்தார்.

1962இல் நெசவு இயந்திரப் பற்சில்லுகளுக்கான பொலிஎதிலீனை விற்கும் ஒருவர் ரைட்டிங்டன் வைத்தியசாலைக்கு வந்தார். சார்ன்லி அதை நகத்தால் அழுத்திப் பார்த்து, பயனில்லை என்று சொல்லிவிட்டு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனார். பட்டறையில் இருந்த ஹரி கிரேவன் (இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர்) சொல் கேட்கவில்லை. தாம் அமைத்த தேய்மானச் சோதனை இயந்திரத்தில் அதைப் பூட்டி, இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லோன் ஒரு நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட அது தேயவில்லை. திரும்பிவந்த சார்ன்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் முதல் பொலிஎதிலீன் கிண்ணம் பொருத்தப்பட்டது. இரு பொருள்களின் துண்டுகளையும் தம் தொடைக்குள்ளேயே வைத்தும் பார்த்தார். டெஃப்லோன் இருந்த இடம் மட்டும் தடித்தது.

அப்போதும் தொல்லை முடியவில்லை. கம்பியை மாறி மாறி வளைத்தால் ஒடிவதுபோல, சில நோயாளர்களின் தொடையெலும்புக்குள் இருந்த உருக்குத் தண்டு ஒடிந்தது. தண்டைத் தடிப்பாக்க வேண்டியதாயிற்று. இன்று புதிய மூட்டுகளை, நடையைப் போலவே சுமை ஏறி இறங்கும் இயந்திரங்களில் இலட்சக்கணக்கான தடவைகள் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.

1977இல் சேர் பட்டம் பெற்ற சார்ன்லி 1982இல் காலமானார். தம்மிடம் மூட்டுப் பெற்றவர்களிடம் அவர் ஓர் அனுமதி கேட்பது வழக்கம்: இறந்த பிறகு அந்த மூட்டைத் திருப்பித் தர வேண்டும். பலர் சம்மதித்தார்கள். அவ்வாறு வந்த கிண்ணங்களின் தேய்மானத்தை அளந்து குறித்துவைத்தார்.