சிதம்பரனாரின் சன்னது

வ. உ. சிதம்பரனார் என்றதும் நம் கண்முன் கப்பல் வந்து நிற்கும். அடுத்துச் சிறைச் செக்கு வந்து நிற்கும். இவ்விரண்டின் நிழலில் மறைந்து கிடக்கும் ஒரு தாளை நாம் நினைப்பதில்லை. அதுதான் அவருடைய வழக்கறிஞர் சன்னது.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தந்தையார் உலகநாத பிள்ளையைப் போலவே வழக்கறிஞரானார். 1895-இல் சொந்த ஊரில் தொழில் தொடங்கிப் பின்னர்த் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். ஏழை எளியவர்க்குக் கூலி வாங்காமலே வாதாடினார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றார். அவ்வாண்டு மார்ச்சில் கைதானார். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

சிறைக் கதவு திறந்தது. நீதிமன்றக் கதவு திறக்கவில்லை. சன்னது பறிபோயிருந்தது! பலருக்காக வாதாடியவர், சென்னையில் அரிசியும் எண்ணெயும் விற்றுக் குடும்பம் நடத்தினார்.

நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். தண்டனை பெற்ற வழக்கறிஞரை நீக்க 1879-ஆம் ஆண்டுச் சட்டம் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. ஆனால் ஒரு வரம்பும் வைத்தது: அக்குற்றம், அவரை அத்தொழிலுக்கே தகுதியற்றவராக்கும் குணக்கேட்டைக் காட்ட வேண்டும். சிதம்பரனார் கட்சிக்காரரை ஏமாற்றினாரா? பொய்ச்சாட்சி புனைந்தாரா? இல்லை. அந்நிய ஆட்சியை எதிர்த்துப் பேசினார். நண்பர் சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றார். எதை அளக்க வந்ததோ அதை அளக்காத கருவியை நாங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கிவிடுவோம். அரசியல் பகையைக் குணக்கேடாக அளக்கும் கோலும் அத்தகையதே. மேலும், சிறைத்தண்டனைக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. சன்னது இழப்புக்கு அதுவும் இல்லை.

ஆண்டுகள் பல கழிந்தபின், திருநெல்வேலிச் சீமையில் முன்பு பணியாற்றி அவரை அறிந்திருந்த நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடினார். நன்றி மறவாத அப்பெருமகன், தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வாலஸின் நல்ல உள்ளத்தை வாழ்த்துவோம். ஆயினும் ஒருவரது நல்ல உள்ளத்தை நம்பிக் காத்திருக்க வேண்டிய நிலை அருளாகுமே தவிர, முறையாகாது.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் இன்று அந்த முறையைத் தந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட வழக்கறிஞருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். உச்சநீதிமன்றம் வரை அவர் முறையிடலாம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்குக்கூட, விடுதலையாகி 2 ஆண்டுகள் கழிந்தால் பதிவுத் தடை நீங்கும்.

1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் சிதம்பரனார் மறைந்தார். நம்மில் சிலர் நாளை மருத்துவராகலாம், பொறியாளராகலாம். பிறரது தொழிலுரிமையைத் தீர்மானிக்கும் குழுக்களிலும் அமரலாம். ஒருவரது பெயரை அடிக்கப் பேனாவை எடுக்குமுன், அரிசி விற்ற அந்த வழக்கறிஞரை ஒருகணம் நினைத்துக்கொள்வோமாக!